அரை அங்குல ஓட்டையில் ஓர் உலகம் – ஃபிராங்க் ஹார்ன்பி வாழ்க்கை வரலாறு



ஆண்டு மலரில் வாழ்க்கை வரலாறு என்றால் ஒரு விஞ்ஞானி, ஒரு தலைவர், ஒரு கவிஞர் என்றுதான் எழுதுவார்கள். நான் எழுதப் போவது ஒரு கணக்குப்பிள்ளையைப் பற்றி. அவர் எந்த இன்ஜினியரிங் காலேஜ் வாசலையும் மிதிக்காதவர். பதினாறு வயதிலேயே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் உலகத்தில் எத்தனையோ இன்ஜினியர்கள் சின்ன வயதில் முதன்முதலாக நட்டும் போல்ட்டும் பிடித்தது இவர் செய்த பொம்மையில்தான். அவர் பெயர் ஃபிராங்க் ஹார்ன்பி.

பெயர் கேள்விப்படாதவர்கள்கூட அவருடைய கண்டுபிடிப்பைப் பார்த்திருப்பீர்கள். நம்ம ஊர் பொம்மைக் கடையில் ‘மெக்கானிக்ஸ்’ என்று ஒரு பெட்டி வருமே! ஓட்டை போட்ட தகடுகள், சின்னச் சின்ன நட்டு, போல்ட்டு, ஒரு ஸ்பேனர். அந்த மாதிரிப் பெட்டிகளுக்கெல்லாம் மூலவர் இவர்தான். அதோடு, இங்கிலாந்தில் பொம்மை ரயில் என்றாலே இன்றைக்கும் ஜனங்கள் சொல்கிற பெயர் ஹார்ன்பிதான். அவர் இறந்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பெயர் மட்டும் எத்தனையோ முதலாளிகள் கைமாறி, நொடித்து, திரும்பவும் எழுந்து நிற்கிறது. எப்படி? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இளமைக் காலம்

1863ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் தேதி, இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரத்தில் பிறந்தார் ஹார்ன்பி. அப்பா உணவுப் பொருள் வியாபாரி. படிப்பை விட்டதும் அப்பாவின் கடையிலேயே காசாளராக உட்கார்ந்தார். சிறு வயதில் அவர் விரும்பிப் படித்தது சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய ‘செல்ஃப் ஹெல்ப்’ என்ற புத்தகம். ஏழையாகப் பிறந்து, தோல்விமேல் தோல்வி கண்டு, கடைசியில் ஜெயித்தவர்களின் கதைகள் நிறைந்த புத்தகம் அது. அதைப் படித்த வேகத்தில் எரிபொருளே இல்லாமல் ஓயாமல் ஓடும் இயந்திரம் செய்யவும் முயன்றார். தெர்மோடைனமிக்ஸ் படித்த நமக்குத் தெரியும், அது நடக்காத காரியம். அவருக்கும் நடக்கவில்லை. ஆனால் கருவி பிடிக்கும் பழக்கம் அதிலே வந்துவிட்டது.

1887ல் கிளாரா என்ற பள்ளி ஆசிரியையை மணந்தார். ரோலண்ட், டக்ளஸ் என்று இரண்டு மகன்கள். 1899ல் அப்பா காலமானார், கடையும் மூடப்பட்டது. முப்பத்தாறு வயதில், குடும்பத்தோடு, வேறு வேலை தேட வேண்டிய நிலை. டேவிட் எலியட் என்பவரின் இறைச்சி இறக்குமதிக் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது.

அரை அங்குலம் செய்த அதிசயம்

சாயந்திரம் வேலை முடிந்து வந்தால் வீட்டுப் பட்டறையில் பிள்ளைகளுக்குத் தகட்டில் பாலம், லாரி, கிரேன் என்று செய்து கொடுப்பார். இதில் ஒரு சங்கடம் இருந்தது. கிரேனுக்கு வெட்டிய தகடு கிரேனுக்கு மட்டும்தான் ஆகும். பாலம் செய்ய வேண்டுமென்றால் திரும்பவும் முதலிலிருந்து வெட்டணும், துளை போடணும். ஒவ்வொரு பொம்மைக்கும் புதுப் பாகம் என்றால் எங்கே போய் முடிவது?

அப்போது அவருக்குத் தோன்றியது இதுதான். எல்லாப் பட்டையும் அரை அங்குல அகலம். எல்லா ஓட்டையும் அரை அங்குல இடைவெளி. அவ்வளவுதான்! எந்தப் பட்டையை எந்தப் பட்டைமேல் வைத்தாலும் ஓட்டைக்கு நேராக ஓட்டை வரும். நேற்று கிரேனாக இருந்தது இன்றைக்குப் பாலம், நாளைக்கு வண்டி. நாம் புத்தகத்தில் ‘இன்டர்சேஞ்சபிலிட்டி’ என்று படிக்கிறோமே, அதைப் பத்து வயசுப் பையன் கையில் கொடுத்துவிட்டார் மனுஷன்.

பிறகு வந்த பற்சக்கரங்களையும் இந்தக் கணக்கிலேயே செய்தார்கள். மெக்கானோவில் 57 பல் சக்கரமும் 19 பல் சக்கரமும் உண்டு. டயமெட்ரல் பிட்ச் 38. நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்க. இரண்டையும் கூட்டினால் 76, அதை 38ன் இரு மடங்கால் வகுத்தால் சென்டர் டிஸ்டன்ஸ் சரியாக 1 அங்குலம். அதாவது ஒரு ஓட்டை விட்டு அடுத்த ஓட்டையில் அச்சைச் செருகினால் பல்லோடு பல் தானாகக் கவ்விக்கொள்ளும். அளந்து பார்க்கவே தேவையில்லை!

கடன் வாங்கிய காப்புரிமை

யோசனை இருந்தது, காசு இல்லை. முதலாளி எலியட்டிடம் 5 பவுண்டு கடன் வாங்கி 1901 ஜனவரியில் காப்புரிமைக்கு மனுப் போட்டார். பையில் மாதிரியை வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். யாரும் சீந்தவில்லை. கடைசியில் எலியட்டே ஆபீசுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்துப் பங்காளியும் ஆனார். 1902ல் ‘மெக்கானிக்ஸ் மேட் ஈசி’ என்ற பெயரில் பெட்டி கடைக்கு வந்தது. விலை ஏழரை ஷில்லிங்.

ஆரம்பத்தில் லாபம் இல்லை. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் இன்ஜினியரிங் பேராசிரியர் ஹீல் ஷா இதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு இயந்திரவியல் சொல்லிக்கொடுக்க நல்ல சாதனம் என்று ஆதரித்தார். 1906ல்தான் முதல் லாபம். 1907ல் ‘மெக்கானோ’ என்ற பெயர் பதிவானது. 1908ல் மெக்கானோ லிமிடெட். 1914ல் லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் பெரிய தொழிற்சாலை. 1916 முதல் பையன்களுக்கென்றே ஒரு பத்திரிகை. கணக்குப் புத்தகம் எழுதியவர் தொழிலதிபர் ஆகிவிட்டார்.

பொம்மை ரயில் வந்த கதை

முதல் உலகப் போருக்கு முன்பு இங்கிலாந்துப் பிள்ளைகள் ஓட்டிய பொம்மை ரயிலில் பெரும்பகுதி ஜெர்மனியில் செய்தது. போர் வந்ததும் அது நின்றது. 1920ல் ஹார்ன்பி தன் முதல் ரயிலை வெளியிட்டார். சாவி கொடுத்தால் ஓடும் வில் ரயில், தண்டவாள அகலம் 32 மில்லிமீட்டர். அதையும் நட்டு போல்ட்டில்தான் கோர்த்திருந்தார். கழற்றலாம், திரும்பவும் மாட்டலாம்.

1925ல் மின்சார ரயில். வீட்டு மின்சாரத்தையே ஒரு பல்பு ரெசிஸ்டன்ஸ் வழியாகத் தண்டவாளத்துக்குக் கொடுத்தார்கள். எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்கள் இதைப் படித்துத் தலையில் கை வைப்பீர்கள்! பிறகு குறைந்த வோல்டேஜுக்கு மாறினார்கள். அதே 1920களில் காசு குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்காக ‘எம்’ வரிசை என்று மலிவு ரயிலும் போட்டார்கள். 1930களில் டிங்கி என்ற சின்ன கார் பொம்மைகளும் வந்தன.

1931ல் எவர்ட்டன் தொகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானார் ஹார்ன்பி. 1935ல் அதிலிருந்து விலகினார். 1936 செப்டம்பர் 21ல் காலமானார். வயது 73.

அவர் போன பிறகு

மற்றவர்கள் கதை இங்கே முடியும். ஹார்ன்பியின் கதையில் பாதி இதற்குப் பிறகுதான்.

1938ல் அவர் கம்பெனி ‘டப்லோ’ என்ற சின்ன ரயிலை வெளியிட்டது. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர், உடல் உலோக வார்ப்பு, மூன்று தண்டவாளம். நடுத் தண்டவாளத்தில் மின்சாரம் ஏறி, ஓரத்து இரண்டில் திரும்பும். உறுதியானது, ஆனால் விலை அதிகம்.

போருக்குப் பிறகு ரோவெக்ஸ் என்ற கம்பெனி பிளாஸ்டிக்கில் மலிவு ரயில் செய்தது. ஒரு அச்சு செய்துவிட்டால் ஆயிரக்கணக்கில் ஊற்றி எடுக்கலாமே! சக்கரத்தில் இன்சுலேஷன் கொடுத்து, இரண்டே தண்டவாளத்தில் ஓட்டினார்கள். நிஜ ரயில் மாதிரியே இருந்தது. 1951ல் அதை லைன்ஸ் பிரதர்ஸ் வாங்கி ‘டிரையாங்’ என்று பெயர் வைத்தது. லைன்ஸ் சகோதரர்கள் மூன்று பேர். மூன்று கோடு சேர்ந்தால் முக்கோணம், அதனால் அந்தப் பெயர்!

மலிவு ரயில் ஜெயித்தது. 1959ல் ஹார்ன்பியும் இரண்டு தண்டவாளத்துக்கு மாறியது. ஆனாலும் 1964ல் கம்பெனி லைன்ஸ் பிரதர்ஸ் கைக்குப் போய்விட்டது. புது முதலாளி ஒரு வேலை செய்தார். ஹார்ன்பியின் பெயரை எடுத்துத் தன் மலிவு ரயிலுக்குச் சேர்த்து வைத்தார். டப்லோவின் அச்சுகளை ரென் என்ற இன்னொரு கம்பெனிக்கு விற்றார். பெயர் ஒரு பக்கம், அச்சு ஒரு பக்கம்! எது பிழைத்தது தெரியுமா? நல்ல அச்சு வைத்திருந்த ரென் 1992ல் நின்றுபோனது. மலிவு ரயிலில் ஒட்டிய பெயர் இன்றும் ஓடுகிறது.

அதுவும் சுகமாக ஓடவில்லை. 1971ல் லைன்ஸ் பிரதர்ஸ் நொடித்தது. அடுத்து வாங்கிய டன்பீ கோம்பெக்ஸ் மார்க்ஸ் 1980ல் நொடித்தது. பிறகு ஹார்ன்பி ஹாபீஸ் என்ற தனிக் கம்பெனியாக, மார்கேட் என்ற கடற்கரை ஊரில் நிமிர்ந்து நின்றது. 1990களில் உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றினார்கள்.

2004ல் சக்கரம் ஒரு சுற்று வந்தது. இத்தாலியின் விசென்சா நகரத்தில் 1946ல் தொடங்கிய லிமா என்ற கம்பெனி ஐரோப்பா முழுக்க மலிவு ரயிலுக்குப் பேர் போனது. அதுவும் நொடித்தது. வாங்கியது யார்? ஹார்ன்பி! லிமாவின் பழைய அச்சுகளில் சிலவற்றைத் தூசி தட்டி, மோட்டாரை மாற்றி, ‘ரெயில்ரோடு’ என்ற தன் மலிவு வரிசையில் ஓடவிட்டது. செத்துப்போன கம்பெனியின் அச்சிலிருந்து புது ரயில் பிறந்தது.

கேஜ் ஒன்றுதான் சொந்தம்

இத்தனை முதலாளி மாறியும் இது எப்படிப் பிழைத்தது? எனக்குத் தெரிந்த பதில், அந்த 16.5 மில்லிமீட்டர்தான். 1938ல் வைத்த அகலம் இன்று வரை மாறவில்லை. தாத்தா வாங்கிய வண்டிப் பெட்டியைப் பேரன் தண்டவாளத்தில் வைக்கலாம், அதிகம் போனால் சக்கரத்தை மாற்றினால் போதும்.

அகலம் மாறினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? பாகூர் பக்கத்து நண்பர்கள் பஸ்ஸில் வருகிறவர்கள், ஆனாலும் வில்லியனூர் ஸ்டேஷன் எல்லோருக்கும் தெரியும். அந்த வழியே போகிற விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதை 1879ல் மீட்டர் கேஜாகப் போட்டது. அகலப் பாதையாக மாற்றிய அன்றைக்கே பழைய இன்ஜினும் பெட்டியும் அந்தப் பாதைக்கு ஆகாமல் போய்விட்டன. இரும்பு நல்ல இரும்புதான், ஆனால் அளவு பொருந்தவில்லை. ஹார்ன்பி விட்டுப் போன பெரிய சொத்து தொழிற்சாலையும் இல்லை, பணமும் இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம்தான்.

திரும்பி வராதவர்கள்

ஆனால் நண்பர்களே, ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடித்தால் இது பாதி உண்மைதான். பெயர் திரும்பி வந்தது, அச்சு திரும்பி வந்தது. ஆட்கள் வந்தார்களா?

பின்ஸ் ரோடு தொழிற்சாலை ஏர்ஃபிக்ஸ் என்ற கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. 1979 நவம்பர் 30ல் அதைத் திடீரென மூடினார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடியும் பார்த்தார்கள், திறக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் 1981ல் ஏர்ஃபிக்ஸும் நொடித்தது. 2006ல் அதையும் ஹார்ன்பி ஹாபீஸ் வாங்கியது. பிறகு ஏர்ஃபிக்ஸ் விமான மாடல்களில் பல நம்ம இந்தியாவிலேயே வார்க்கப்பட்டன. பெயருக்குக் கால் உண்டு, கடல் தாண்டிப் போகும். லிவர்பூல் தொழிலாளி எங்கே போவான்?

இது நமக்குப் புரியாத கதையா? 1898ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில், 2011 தானே புயலில் அடி வாங்கி, 2020ல் மூடப்பட்டது. சங்கு ஊதினால் ஊரே மணி பார்த்த மில் அது. நாளைக்கே யாராவது அந்தப் பெயரை வாங்கித் துணியில் அச்சடிக்கலாம். தறி ஓட்டிய கை திரும்பி வருமா?

அதனால் கம்பெனியை நம்பி மட்டும் டிப்ளமோ படிக்கக் கூடாது என்று எனக்குப் படுகிறது. கம்பெனி வரும், போகும், கைமாறும். நம் வீடுகளில் பலருக்கு நாம்தான் முதல் படிப்பாளி. சொத்து என்று நமக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. அளவு தெரிந்த கையும் டிராயிங் படிக்கத் தெரிந்த கண்ணும்தான் நாம் சம்பாதிக்கப் போகிற சொத்து. அதை எந்த முதலாளியும் விற்க முடியாது.

ஃபிட்டிங் ஷாப்பில் நாம் அரம் தேய்த்துச் செய்கிற ஆண் துண்டு, பக்கத்து பெஞ்ச் நண்பன் செய்த பெண் துண்டில் வெளிச்சம் தெரியாமல் உட்காரணும். இன்ஸ்ட்ரக்டர் மார்க்குக்காக மட்டும் அதைச் செய்யச் சொல்வதில்லை. நாளைக்கு எந்த ஊர் தொழிற்சாலைக்குப் போனாலும் நாம் பொருந்துவதற்கான பயிற்சி அது. நூறு வருஷத்துக்கு முன்பு ஒரு கணக்குப்பிள்ளை ராத்திரி விளக்கில் உட்கார்ந்து துளை போட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டதும் அதைத்தான்.

வாழ்க தொழில்! வளர்க நம் கைத்திறன்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு