லிவியா அம்மையார்

உரோமாபுரியின் முதற் சக்கரவர்த்தியாகிய அகஸ்டஸின் பட்டத்தரசி லிவியா, கி.மு. 58-ஆம் ஆண்டில் உயர்குடியிற் பிறந்தார். உள்நாட்டுப் போரில் அவருடைய தந்தையும் முதற் கணவரும் தோற்ற கட்சியைச் சேர்ந்தவர்கள். ஆகவே, கைக்குழந்தையான திபேரியஸை ஏந்தியவண்ணம், அகஸ்டஸின் படைகளுக்கு அஞ்சி ஊர்விட்டு ஊர் ஓடினார். விதியின் விளையாட்டால், கி.மு. 38-இல் அந்த அகஸ்டஸையே மணந்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்க்கைத் துணையும் ஆலோசகருமாய் விளங்கினார்.

கி.பி. 14-இல் கணவர் மறையவே, திபேரியஸ் அரியணை ஏறினார். அவர் வெளியிட்ட தெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசின் ஒருபுறம் அவர் தலை. மறுபுறம் செங்கோலும் மரக்கிளையும் ஏந்தி வீற்றிருக்கும் ஒரு மாது. சமாதான தேவதையின் கோலத்திலுள்ள லிவியாவே அவர் என்பர் அறிஞர் பலர். பெயர் மட்டும் பொறிக்கப்படவில்லை. ஊவாத் தோட்டங்களில் வாழும் நம்மவரின் முன்னோர் பிறந்த தமிழகத்திலே, கோயமுத்தூர், கரூர்ப் பகுதிகளில் இக்காசுகள் ஏராளமாய்க் கிடைத்துள்ளன. மிளகும் மணிகளும் வாங்கக் கடல் கடந்து வந்த வெள்ளி அது.

கி.பி. 29-இல், 86-ஆம் வயதில் லிவியா காலமானார். காப்ரித் தீவிலிருந்த மகன் ஈமக்கிரியைக்கும் வரவில்லை. தாய்க்குத் தெய்வ மரியாதை வழங்குவதையும் தடுத்துவிட்டார். பேரன் கிளாடியஸே கி.பி. 42-இல் அம்மரியாதையை அளித்தார்.

ஒரே காசின் இருபுறமும் வீற்றிருந்த தாயும் மகனும் வாழ்வில் பிரிந்தே நின்றனர். இளைஞர்களே! அன்னைக்கு உருவம் சமைப்பதினும், அவள் உயிரோடிருக்கையில் அருகிருந்து பேணுவதே மேலான வழிபாடு.