தூணுக்குக் கணக்குச் சொன்ன மேதை

நீளமான மூங்கில் குச்சி ஒன்றைத் தரையில் ஊன்றி, மேலிருந்து அழுத்துங்கள். குச்சி நசுங்காது. நடுவில் வளையும். இன்னும் அழுத்தினால் ஒடிந்துவிடும். அதே குச்சியில் ஒரு சாண் துண்டு வெட்டி அழுத்திப் பாருங்கள். லேசில் வளையாது.

கட்டடத் தூணும் இப்படித்தான். எவ்வளவு பாரம் ஏற்றினால் தூண் வளையும் என்று முதன்முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர், கணித மேதை ஆய்லர்.

அவர் 1707-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பாசல் நகரில் பிறந்தார். தந்தை பாதிரியார். மகனும் பாதிரியார் ஆகவேண்டும் என்று விரும்பினார். பையனுக்கோ கணக்கில்தான் பித்து! பெர்னூலி என்ற பெரிய கணித ஆசிரியர் எடுத்துச் சொன்ன பிறகே தந்தை மனம் இறங்கினார்.

1727-ல் ஆய்லர் ரஷியா சென்றார். பீட்டர்ஸ்பர்க் விஞ்ஞானக் கழகத்தில் வேலை கிடைத்தது. 1738-ல் வலது கண் பார்வை போயிற்று. அதற்காக அவர் ஓயவில்லை.

பிறகு பெர்லின் நகரில் வேலை. அங்கே இருந்தபோது, 1744-ல் வெளிவந்த புத்தகத்தில்தான் தூண் கணக்கைச் சொன்னார். தூணின் நீளம் இரண்டு மடங்கானால், அது தாங்கும் பாரம் பாதி ஆகாது. கால் பங்காகக் குறைந்துவிடும்!

அந்தக் காலத்துத் தூண்கள் பருமனானவை. ஆகவே இந்தக் கணக்கை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஒல்லியான இரும்புத் தூண்கள் வந்த பிறகே அருமை தெரிந்தது. 1907-ல் கனடாவில் கியூபெக் நகருக்கு அருகே கட்டிக்கொண்டிருந்த பெரிய பாலம் இடிந்து, 75 தொழிலாளர்கள் மாண்டார்கள். பாரத்தில் அழுந்திய அடிச்சட்டங்கள் வளைந்ததே காரணம்.

இன்று மாடிக் கட்டடம் கட்டும் என்ஜினீயர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள். தூணின் தலையும் காலும் உத்திரத்தோடு இறுகப் பிணைந்திருந்தால் அதிக பாரம் தாங்கும்.

1766-ல் ஆய்லர் மறுபடியும் ரஷியா போனார். இடது கண்ணிலும் புரை விழுந்தது. 1771-ல் புரையை எடுத்தார்கள். சில நாள் பார்வை தெரிந்தது; பிறகு அதுவும் போயிற்று. அதே ஆண்டில் வீடு தீப்பற்றி எரிந்தது. அங்கே வாழ்ந்த பாசல் ஊர்த் தொழிலாளி ஒருவர் உள்ளே பாய்ந்து அவரைத் தூக்கி வந்து காப்பாற்றினார்.

கண் இல்லாமலும் கணக்கு நடந்தது. அவர் மனதில் போட்டுச் சொல்வார்; மகனும் உதவியாளர்களும் எழுதுவார்கள். தன் சொந்த எடையாலேயே தூண் வளையுமா என்று ஆராய்ந்தார். வளையாது என்று முதலில் முடிவு வந்தது. அவருக்கே சந்தேகம். திரும்பப் போட்டார். அளவுக்கு மீறி உயர்ந்தால் வளைந்து விழும் என்று கண்டார்.

1783 செப்டம்பர் 18-ந் தேதி, வானில் பறக்கும் பலூனைப் பற்றிக் கணக்குப் போட்டார். அன்று மாலை பேரனோடு விளையாடிக்கொண்டிருந்தபோது மூளையில் ரத்தம் கசிந்து மயங்கினார். அன்றே உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 76.