பகைவரா, பாசறைத் தோழரா?

இருமுறை சாகத் துணிந்தவர் ஒருவர். மனித குலம் நெடுநாள் வாழ வழி தேடி அலைந்தவரும் அவரே! விந்தை என்பீர்கள். விந்தைதான், ஆனால் கதையல்ல, வரலாறு. இலியா மெச்னிகோவ் என்பது அவர் பெயர். நம் குடலிலே குடியிருக்கும் கிருமிகளுக்கும் நம் உடலைக் காக்கும் படைக்கும் என்ன உறவு என்று உலகம் இன்று ஆராய்கிறதே, அந்த ஆராய்ச்சியின் இரு முனைகளையும் முதலில் தொட்டவர் அவர். ஆகவே அவரைப் பற்றி நாம் அறிந்துகொள்ளத்தான் வேண்டும்.

1845இல், ஜார் ஆட்சியிலே, இன்று உக்ரைன் நாட்டில் உள்ள கார்கோவ் பகுதியில் பிறந்தார். நான்காண்டுப் பல்கலைக்கழகப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்தார். 1870இல் ஒடெசா நகரில் பேராசிரியர். அறிவு ஒளிவிட்டது, இல்லமோ இருண்டது. முதல் மனைவி லுட்மிலாவுக்குக் காசநோய். மணநாளன்றே நாற்காலியில் வைத்துத் தூக்கிவரப்பட்ட மணப்பெண் அவர்! 1873இல் மதீராத் தீவில் அவர் மறைந்ததும், மெச்னிகோவ் அபின் சத்தை அளவுக்கு மீறி உட்கொண்டார். அளவு மிஞ்சியதால் வாந்தியாகிப் பிழைத்தார். பிறகு ஓல்காவை மணந்தார். அவரும் குடற்காய்ச்சலில் வீழ்ந்தபோது, மெச்னிகோவ் மீள்காய்ச்சல் கிருமியைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அப்போதும் சாவு அவரை ஏற்கவில்லை.

1881இல் ஜார் மன்னன் கொல்லப்பட்டான். அடக்குமுறை பல்கலைக்கழகத்திலும் புகுந்தது. தலையாட்டிப் பிழைக்க மனமில்லாத மெச்னிகோவ், 1882இல் பதவியைத் துறந்து, சிசிலித் தீவின் மெசினா நகருக்குச் சென்றார்.

ஒருநாள் வீட்டார் சர்க்கஸ் காணப் போய்விட்டனர். இவர் மட்டும் நுண்பெருக்கியோடு தனித்திருந்தார். கண்ணாடிபோல் உள்ளுறுப்பெல்லாம் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலிலே ரோஜா முள் ஒன்றைச் செருகினார். மறுநாள் காலை பார்த்தார். முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் முற்றுகையிட்டு நின்றன! நம் உடலிலும் இப்படித்தான், வெள்ளணுக்கள் கிருமிகளை வளைத்து விழுங்குகின்றன என்று முடிவுகட்டினார்.

ஏற்றார்களா? இல்லை. இரத்தத்தின் நீர்ப்பகுதியிலுள்ள பொருள்தான் கிருமியைக் கொல்கிறது என்று ஜெர்மன் அறிஞர்கள் வாதிட்டனர். ஒடெசாவிலோ, மருத்துவப் பட்டம் இல்லாதவர் என்று மருத்துவர்கள் குறைகூறினர். 1888இல் பாரிஸ் நகரில் பாஸ்டர் அவருக்கு இடம் தந்தார். இருபது ஆண்டு வழக்குக்கு 1908இல் தீர்ப்பு வந்தது: மெச்னிகோவுக்கும் எதிரணியின் பால் எர்லிக்குக்கும் நோபல் பரிசு சரிபாதி! இருவர் சொன்னதும் உண்மை என்பதை நாம் இன்று அறிவோம்.

முதுமை நெருங்கியது, சாகத் துடித்தவர் வாழத் துடித்தார். மனிதன் ஏன் மூப்படைகிறான்? பெருங்குடலிலே கிருமிகள் அழுகலை உண்டாக்கி உடலுக்கு நஞ்சூட்டுகின்றன என்றார். பல்கேரிய நாட்டில் புளித்த பாலுண்ணும் உழவர்கள் நெடுங்காலம் வாழ்வதாகக் கேள்வியுற்று, தாமும் நாள்தோறும் அதையே அருந்தினார். 1907இல் நீண்ட ஆயுள் பற்றி நூல் எழுதினார். தயிர்க் கிருமி மாத்திரை கடைக்கு வந்தது. இங்கிலாந்தில் ஆர்பத்நட் லேன் என்ற அறுவை மருத்துவர், பெருங்குடலே வேண்டாம் என்று அதை வெட்டி எறியவும் துணிந்தார்!

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். அந்தத் தயிர்க் கிருமி மனிதக் குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை என்று பின்னர் தெரிந்தது. பெருங்குடல் கிருமிகள் யாவும் பகைவர் என்பதும் பொய்த்தது. ஒரு மனிதனிடம் ஏறத்தாழ 38 லட்சம் கோடி கிருமிகள் உள்ளன என 2016இல் கணக்கிட்டனர். கிருமியே அண்டாமல் வளர்க்கப்பட்ட எலிகளைப் பாருங்கள். நோயற்ற வாழ்வா அவற்றுக்கு? இல்லை, அவற்றின் குடலில் காவற்படை முழுமையாக வளரவே இல்லை! எதிர்ப்பொருள் சுரப்பது குறைவு. கிருமிகளைக் கொடுத்ததும் சுரப்பு பெருகுகிறது. ஆம், படைக்குப் பயிற்சி தருவதே அந்தக் கிருமிகள்தான்.

அதுமட்டுமா? நாம் உண்ணும் நாரை அவை புளிக்கவைத்து ஒரு கொழுப்பமிலத்தைத் தருகின்றன. அது, காவற்படை வெறிகொண்டு சொந்த உடலையே தாக்காமல் அடக்கும் அணுக்களைப் பெருக்குகிறது. வாளெடுக்கவும் கற்பிக்கின்றன, உறையிலிடவும் கற்பிக்கின்றன! மருந்தால் நல்ல கிருமிகள் அழிந்து, தீய கிருமி ஒன்று குடலைப் பிடித்து ஆட்டும் நோய்க்கு, ஹாலந்தில் நலமானவர் மலத்தைக் கரைத்துச் செலுத்திப் பார்த்தனர். முகஞ்சுளிக்கவேண்டாம். 2013இல் வெளிவந்த முடிவு இது: முதல் முறையிலேயே 16 பேரில் 13 பேர் குணமடைந்தனர், மருந்து மட்டும் உண்டவரில் 13க்கு 4 பேர்தான்.

மெச்னிகோவ் படையையும் கண்டார், குடற்கிருமியையும் கண்டார். ஒன்று மற்றொன்றின் ஆசான் என்பதை மட்டும் காணவில்லை. அதற்காக அவரைச் சிறியவர் என்போமா? 1916 ஜூலையில், 71ஆம் வயதில், பாஸ்டர் நிலையத்திலே இதயநோயால் சாகக் கிடந்தபோது, தம் குடலைத் திறந்து நன்றாக ஆராயும்படி நண்பரான மருத்துவரிடம் கேட்டுக்கொண்டார். நம்பு என்று அவர் கட்டளையிடவில்லை. அறுத்துப் பார் என்று உடலையே கொடுத்தார். அவர் முடிவுகளில் பாதி மாறிவிட்டது. அந்த முறை மாறவில்லை. அந்த முறையால்தான் அவர் பிழையையும் பின்வந்தோர் திருத்த முடிந்தது.