48 வயதில் காமிரா பிடித்த சீமாட்டி!

தூத்துக்குடிக்கு எதிரே, மன்னார் வளைகுடாவைத் தாண்டினால் இலங்கை. இந்தக் கரையிலும் முத்துக் குளித்தார்கள். அந்தக் கரையிலும் முத்துக் குளித்தார்கள்.

19-ம் நூற்றாண்டில் ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்கள் இந்தக் கடலைத் தாண்டினார்கள். முத்து எடுக்க அல்ல, பிழைப்புத் தேடி! இலங்கை மலைகளில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டிருந்தார்கள். அங்கே கூலி வேலை கிடைத்தது.

அந்த ஏழைகளை யார் படம் பிடிக்கப் போகிறார்கள்? படம் எடுத்துக்கொள்வது அப்போது பணக்காரர்களின் பொழுதுபோக்கு. ஆனாலும் ஒரு சீமாட்டி அவர்களைப் படம் பிடித்தார். அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன்.

கல்கத்தாவில் பிறந்தவர்

கேமரன் அம்மையார் 1815-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1838-ல் சார்லஸ் கேமரன் என்ற சட்ட நிபுணரை மணந்தார். கணவருக்கு அவரைவிட 20 வயது அதிகம்.

சார்லசுக்கு இலங்கை மீது தீராத ஆசை. அங்கே ஏராளமான நிலம் வாங்கிக் காப்பி பயிரிட்டார்.

1848-ல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போயிற்று. பிறகு வைட் தீவில் குடியேறியது. வீட்டுக்கு "டிம்போலா" என்று பெயர் வைத்தார்கள். அது அவர்களுடைய இலங்கைத் தோட்டத்தின் பெயர்!

மகள் தந்த பரிசு

1863-ம் ஆண்டு டிசம்பர் மாதம். மகளும் மருமகனும் ஒரு பரிசு கொடுத்தார்கள். அது ஒரு பெரிய மரப்பெட்டிக் காமிரா. தனிமையில் இருக்கும் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று எண்ணினார்கள். அம்மையாருக்கு அப்போது வயது 48.

சும்மா இருப்பாரா அவர்? நிலக்கரிக் கொட்டகை, படம் கழுவும் இருட்டறை ஆயிற்று. கோழிக்கூடு, படம் பிடிக்கும் கண்ணாடி அறை ஆயிற்று.

அந்தக் காலத்தில் படம் பிடிப்பது லேசான வேலை அல்ல. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூச வேண்டும். ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவ வேண்டும். படத்துக்கு உட்காருபவர் பல நிமிடங்கள் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். மருந்து பட்டு அம்மையாரின் கைகள் கறுத்தன. மேசை விரிப்புகள் பாழாயின. அவர் கவலைப்படவில்லை.

முகத்தை மிக அருகில் வைத்து எடுத்தார். படம் மங்கல் என்று சிலர் கேலி செய்தார்கள். ஆனால், கவிஞர் டென்னிசன், விஞ்ஞானி டார்வின், எழுத்தாளர் கார்லைல் ஆகியோர் அவர் காமிராவின் முன் உட்கார்ந்தார்கள். அந்தப் படங்கள் அழியாப் புகழ் பெற்றன.

புதிய ஊர்

இதற்கிடையே, இலங்கைக் காப்பிச் செடிகளில் 1869 முதல் ஒரு நோய் பரவியது. வருமானம் சுருங்கியது. மகன்களும் இலங்கையில் இருந்தார்கள். 1875-ல் கேமரன் தம்பதி கப்பல் ஏறினார்கள். கணவருக்கு வயது 80. மனைவிக்கு 60. கூடவே சவப்பெட்டிகளையும் கொண்டு போனார்களாம்! அவற்றுக்குள் பீங்கான் சாமான்களை அடுக்கி வைத்திருந்தார்களாம்!

கொழும்புக்குத் தெற்கே களுத்துறையில் வாசம். வீட்டுக்குக் கீழே ஆறு கடலில் கலக்கும். இங்கே டென்னிசனும் இல்லை, டார்வினும் இல்லை. கடும் வெயில் வேறு. தகட்டின் ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனாலும் அம்மையார் காமிராவை மூட்டை கட்டவில்லை. கண்ணில் பட்டவர்களைப் படம் பிடித்தார். வேலைக்காரர்கள், குடியானவர்கள், தோட்டத் தொழிலாளிகள்! அவர்களில் தமிழர்களும் உண்டு.

ஒரு வேடிக்கை. ஒரு மனிதரின் முதுகு மிக அழகாக இருப்பதாக அம்மையாருக்குப் பட்டது. படம் எடுக்க வேண்டுமே! அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைக்கும்படி மகனிடம் பிடிவாதம் பிடித்தார். வீட்டில் தோட்டமே கிடையாது! 1877-ல் விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நார்த் இதை எழுதி வைத்திருக்கிறார்.

பெயர் எங்கே?

1878-ல் எடுத்த படம் ஒன்றில் களுத்துறைக் குடியானவர்கள் நிற்கிறார்கள். பெண்ணுக்கு 12 வயது என்றும், தகப்பன் என்று சொல்லும் கிழவர் தமக்கு 100 வயது என்று கூறுகிறார் என்றும் குறிப்பு இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை.

சீமையில் எடுத்த பெரிய மனிதர்களுக்குப் பெயர் உண்டு. இலங்கையில் எடுத்த ஏழைகளில் பெரும்பாலோருக்கு அது இல்லை. டார்வினைப் பார்த்த அதே கண்ணால்தான் கூலிக்காரரையும் பார்த்தார் அம்மையார். ஆனால் பெயரைக் கேட்டு எழுதத் தோன்றவில்லை!

1879-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி இலங்கை மலைத் தோட்டத்தில் அவர் காலமானார். பொகவந்தலாவை மாதா கோவிலில் அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டு கணவரும் போய்ச் சேர்ந்தார்.

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் 30 கூட இன்று மிஞ்சவில்லை. மிஞ்சியவை அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. முகங்கள் நம்மைப் பார்க்கின்றன. யார் வீட்டுப் பாட்டனோ, யார் வீட்டுப் பாட்டியோ?

உங்கள் வீட்டில் பழைய படம் இருந்தால், பெரியவர்களிடம் கேளுங்கள். படத்தில் இருப்பவர் பெயரையும் ஊரையும் பின்பக்கம் எழுதி வையுங்கள். அரைநிமிட வேலைதான்!