ஓட்டோ வார்பர்க்

ஓட்டோ ஹைன்ரிச் வார்பர்க் (அக்டோபர் 8, 1883 – ஆகஸ்ட் 1, 1970) ஜெர்மானிய உயிர்வேதியியல் அறிஞர் ஆவார். உயிரணுச் சுவாசத்துக்குரிய நொதியின் இயல்பையும் செயல்முறையையும் கண்டறிந்தமைக்காக 1931 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஒளிச்சேர்க்கையை ஆக்சிஜன் தடுக்கிறது என்பதை 1920 இல் முதன்முதலில் காட்டியவரும் இவரே.

இளமையும் கல்வியும்

இவர் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் பிறந்தார். தந்தை எமில் வார்பர்க் புகழ்பெற்ற இயற்பியலாளர். ஒளிவேதியியலில் நுட்பமான அளவீடுகளைச் செய்தவர். ஓட்டோ பெர்லினில் எமில் பிஷரிடம் வேதியியல் பயின்று 1906 இல் முனைவர் பட்டமும், 1911 இல் ஹைடல்பெர்க்கில் மருத்துவப் பட்டமும் பெற்றார். முதல் உலகப் போரில் குதிரைப்படையில் பணியாற்றினார். 1918 இல், ஆய்வுப் பணிக்குத் திரும்புமாறு ஐன்ஸ்டீன் இவருக்குக் கடிதம் எழுதினார்.

ஒளியும் நொதியும்

வாயு அழுத்தத்தை அளக்கும் மானோமானியை மேம்படுத்தி, உயிரணுக்கள் உட்கொள்ளும் அல்லது வெளியிடும் ஆக்சிஜனை இவர் அளந்தார். கார்பன் மோனாக்சைடு சுவாச நொதியின் இரும்புடன் பிணைந்து அதனை முடக்குகிறது. ஒளி பட்டால் அப்பிணைப்பு விடுபடுகிறது. எந்த நிற ஒளி எவ்வளவு விடுவிக்கிறது என்பதை ஒப்பிட்டு, அந்நொதி குருதிச் சிவப்பை ஒத்த இரும்புச் சேர்மத்தைக் கொண்டது என நிறுவினார்.

வார்பர்க் விளைவு

குளோரெல்லா என்னும் ஒற்றை உயிரணுப் பாசியை ஒளிச்சேர்க்கை ஆய்வுக்குக் கொண்டுவந்தவர் இவர். ஆக்சிஜன் மிகுந்தால் அப்பாசியின் ஒளிச்சேர்க்கை குறைவதை 1920 இல் கண்டார். இதற்கான காரணம் இவர் மறைந்த பின்னரே தெளிவாயிற்று. கார்பன் டைஆக்சைடைப் பிணைக்கும் ரூபிஸ்கோ நொதி, ஆக்சிஜனையும் பிணைக்கிறது என்பது 1971 இல் காட்டப்பட்டது. அவ்வினையைத் தொடர்ந்து இலையில் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகிறது. அதனைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியோ கடும் ஒளியில் தானே சிதைவதால், இலை அதனை ஓயாது புதிதாக ஆக்க வேண்டியுள்ளது. கார்பன் டைஆக்சைடு போதாதபோது, பச்சையம் ஈர்த்த மிகை ஆற்றல் ஆக்சிஜனைச் சென்றடைந்து, புரதங்களை ஆக்சிஜனேற்றும் வினைமிகு வடிவங்களைத் தோற்றுவிக்கிறது. புற்றுநோய் உயிரணுக்கள் ஆக்சிஜன் இருக்கும்போதும் குளுக்கோசை லாக்டிக் அமிலமாக்குவது பற்றிய இவரது மற்றொரு கண்டுபிடிப்பும் இதே பெயரால் வழங்குகிறது.

எமர்சனுடன் முரண்பாடு

ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிப்பட 4 ஒளித்துகள்கள் போதும் என்று 1920களின் தொடக்கத்தில் இவர் அறிவித்தார். இவரிடமே பயின்று 1927 இல் முனைவரான அமெரிக்கர் இராபர்ட் எமர்சன், 8 அல்லது அதற்கு மேல் தேவை என அளந்து காட்டினார். 1948 இல் வார்பர்க் எமர்சனின் அர்பானா ஆய்வகத்துக்கே சென்றும் உடன்பாடு ஏற்படவில்லை. எமர்சன் 1959 இல் விமான விபத்தில் இறந்தார். அவரது அளவீடே சரியென இன்று ஏற்கப்படுகிறது. வார்பர்க் தமது முடிவை இறுதிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

நாசி ஆட்சிக் காலம்

தந்தைவழியில் யூதப் பின்னணி கொண்டிருந்தும் வார்பர்க் ஜெர்மனியை விட்டு வெளியேறவில்லை. இவருடைய முன்னாள் உதவியாளர் ஹான்ஸ் கிரெப்ஸ் 1933 இல் நாட்டைவிட்டு நீங்க நேர்ந்தது. 1941 இல் வார்பர்க்கும் பதவி நீக்கப்பட்டார்; ஆயினும் சில வாரங்களில் மீண்டும் அமர்த்தப்பட்டார். விமானத் தாக்குதல்கள் காரணமாக 1943 இல் இவரது ஆய்வகம் லீபன்பெர்க்குக்கு மாற்றப்பட்டது.

இறுதிக் காலம்

1950 இல் பெர்லின் டாலெம் பகுதியில் இவரது ஆய்வுக்கூடம் மீண்டும் திறக்கப்பட்டது. திருமணம் செய்துகொள்ளாத இவர், 86 ஆம் அகவையில் பெர்லினில் காலமானார்.