உறங்காத யாத்திரிகர் ஜான் பன்யன்

இரட்சணிய யாத்திரிகத்தைக் கற்போர் அதன் ஆசிரியர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையை நன்கறிவர். அக்காப்பியத்திற்கு மூலமாய் அமைந்த ஆங்கில உரைநடை நூலை இயற்றியவர், ஊர் ஊராய்ச் சென்று ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிட்டுப் பிழைத்த ஓர் ஏழைத் தொழிலாளி என்பதை அறிந்தோர் சிலரே.

இங்கிலாந்தில் பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628-ஆம் ஆண்டு ஜான் பன்யன் பிறந்தார். எழுதப் படிக்கக் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. தந்தையின் தொழிலே மைந்தருக்கும் வாய்த்தது. மணம் முடித்தபோது தட்டும் கரண்டியும்கூட இல்லாத வறுமை. மனைவி கொணர்ந்த சீதனம் இரண்டு சமய நூல்களே. அந்நூல்கள் அவருள் ஒரு நெருப்பை மூட்டின. பல்லாண்டுக் கால ஐயங்களுக்கும் அச்சங்களுக்கும் பின்னரே அவர் உள்ளம் அமைதி கண்டது. நான்கு மக்களுள் மூத்தவள் மேரி பிறவிக் குருடு. முதல் மனைவி இறந்தபின் 1659-இல் எலிசபெத்தை மணந்தார்.

அரசின் இசைவின்றிக் கூட்டங்களில் போதித்தார் என்னும் குற்றத்திற்காக 1660 நவம்பரில் பன்யன் சிறைப்பட்டார். இனிப் போதிப்பதில்லை என ஒரு சொல் கொடுத்திருந்தால் விடுதலை பெற்றிருக்கலாம். அச்சொல்லை அவர் கொடுக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன.

ஈண்டு நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். சிறைக்கு வெளியே தாயற்ற நான்கு குழந்தைகள். அவர்களுள் ஒருத்தி பார்வையற்றவள். குளிரும் பசியும் பிறர் அடியும் அவளை என்ன செய்யுமோ என்னும் கவலை, சிறையினும் கொடிதாய்த் தம்மை வருத்தியதை 1666-இல் வெளியான தம் ஆன்மிக வரலாற்றில் அவரே மறைக்காது எழுதியுள்ளார். கவலையை வென்றுவிட்டதாக அவர் எங்கும் பெருமை பேசவில்லை. நாடாக்களின் நுனியில் உலோக முனை பொருத்தும் வேலையைச் சிறைக்குள்ளேயே செய்து, குடும்பத்திற்குப் பொருள் அனுப்பினார். வேதம் வாசித்த கைகளே நாடாவுக்கு முனையும் பொருத்தின.

எலிசபெத்தைப் பற்றி நம்மவர் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து. கணவர் கைதான அதிர்ச்சியில் காலத்திற்கு முன்பே பேறுகால வலி கண்டு, பிறந்த சிசுவையும் பறிகொடுத்தவர் அவர். 1661-இல் நீதிபதிகள் கூடியிருந்த விடுதி அறைக்குள் துணிந்து சென்று கணவருக்காக வழக்காடினார். மேத்யூ ஹேல் என்னும் நீதிபதி மட்டும் இரங்கிக் கேட்டார்; பயன் விளையவில்லை. இத்துணைத் துயரைக் குடும்பத்தின் மேல் சுமத்தியது முறையா என்னும் வினா எழுவது இயல்பே. பெண் என்ற நிலையில் எனக்கு அதற்கு எளிதில் விடை கூற இயலவில்லை.

இப்பின்னணியில் 1678-இல் வெளிவந்த அவருடைய யாத்திரிக நூலை வாசித்தால் ஒன்று தெளிவாகும். முதுகில் பாரம் அழுத்தும்போது யாத்திரிகன் உறங்குவதில்லை. பாரம் நீங்கியபின், கடினமலையின் பாதி வழியில், இளைப்பாறுவதற்கென்றே அமைந்த இனிய நிழற்குடிலில்தான் உறங்கிவிடுகிறான். கையிலிருந்த சுருள் நழுவுகிறது. அதை இழந்ததைக்கூட அறியாமல் மேலே நடந்தவன், பின்னர் அழுதுகொண்டே திரும்பிவந்து இருக்கையின் அடியில் அதைக் கண்டெடுக்கிறான். ஒரே வழியை மூன்று முறை நடக்க நேர்ந்ததே அவ்வுறக்கத்தின் விலை. பயணம் முடியும் தறுவாயில் காற்றே கண்ணைச் சொக்கவைக்கும் மாய நிலம் ஒன்று வருகிறது. அங்கே இருவரும் உறங்காதிருக்கக் கண்ட உபாயம் உரையாடலே. ஒருவர் மற்றவருக்குத் தம் வாழ்க்கையைக் கூறிக்கொண்டே நடக்கின்றனர். கவலையினும் கண்ணயர்வையே பன்யன் பெரிதும் அஞ்சினார் எனலாம்.

எனினும் கவலை தலையைத் தாழ்த்திவிடும் என்பதையும் அவர் அறிந்தே இருந்தார். 1684-இல் வந்த இரண்டாம் பாகத்தில், கையில் குப்பைவாரியுடன் ஒருவன் குனிந்து துரும்புகளையும் தூசியையும் திரட்டிக்கொண்டேயிருக்கிறான். அவன் தலைக்குமேல் ஒருவர் விண்ணக முடியை நீட்டி நிற்கிறார். அவன் நிமிர்வதேயில்லை. நாளும் குனிந்து உழைத்த பாத்திரத் தொழிலாளி ஒருவர் தீட்டிய சித்திரம் இது என்பதை மறத்தலாகாது.

எளிய மக்களின் பேச்சுநடையில் அமைந்த இக்கதை, கம்பனில் தோய்ந்த கிருஷ்ண பிள்ளையின் கையில் விருத்தப்பாவாக மலர்ந்து 1894-இல் நூலுருப் பெற்றது. நடை உயர்ந்தது, மூலத்தின் தெருப்புழுதி சற்றே குறைந்தது என்பதையும் கவிஞர்கள் ஒப்புநோக்கலாம்.

1672-இல் விடுதலையான பன்யன், பின்னர் மீண்டும் சில திங்கள் சிறையிலிருந்தார். அறுபதாம் வயதில், பிணங்கி நின்ற ஒரு தந்தையையும் மகனையும் ஒன்றுசேர்க்க ரெடிங் நகருக்குக் குதிரையில் சென்றார். அம்முயற்சி கைகூடியது. அங்கிருந்து லண்டன் செல்லும் வழியில் பெருமழையில் நனைந்தார். காய்ச்சல் கண்டு, 1688 ஆகஸ்டு 31-ஆம் நாள் நண்பர் ஒருவர் இல்லத்தில் உயிர்நீத்தார்.