ஓடத் தெரிந்தால் மட்டும் போதுமா?

ஓட்டப்பந்தயம் என்றாலே நினைவுக்கு வரும் ஜெஸ்ஸி ஓவன்ஸ், 1913-ல் அமெரிக்காவின் அலபாமாவில் ஏழைக் கறுப்பின விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பிழைப்பு தேடி குடும்பம் கிளீவ்லாந்து நகருக்குப் போனது. பள்ளிக்கூடம் விட்டதும் வேலைக்கு ஓடணும்; பயிற்சிக்கு நேரம் ஏது? ஆசிரியர் சார்லஸ் ரைலி அவருக்காகவே காலையில், பள்ளி தொடங்குமுன் பயிற்சி கொடுத்தார்.

பல கல்லூரிகள் அழைத்தும், 1933-ல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உதவித்தொகை கிடைக்கவில்லை, கறுப்பர் என்பதால் வளாக விடுதியில் இடமும் இல்லை. லிஃப்ட் இயக்கிச் சம்பாதித்துத்தான் படித்தார். பயிற்சியாளர் லாரி ஸ்னைடர் அவர் ஓட்டத்தைச் செதுக்கினார்.

1935 மே 25. முதுகுவலியோடு களமிறங்கியவர், முக்கால் மணி நேரத்தில் ஒரு உலக சாதனையைச் சமன் செய்து, மூன்றை முறியடித்தார். அன்று தாண்டிய 8.13 மீட்டர் 25 ஆண்டுகள் நிலைத்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 4 தங்கம்!

ஆனாலும் பட்டப்படிப்பை அவரால் முடிக்க முடியவில்லை. 1972-ல் அதே பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. 1980-ல் மறைந்தார்.

திறமைசாலியைத் தேடிப் பிடிப்பது சுலபம். அவன் தங்க, சாப்பிட, படிக்க வழி செய்வதுதான் கஷ்டம். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த எனக்கு இது நல்லாவே புரியுது. மாலையில் வேலைக்குப் போகும் நண்பனுக்காக, நாமும் காலையில் மைதானத்துக்கு வரலாமே!